புல் என்று ஓர் அம்புக்குறி

செவ்வாய் மதியம், ஒன்றரை மணி.
நியூலின் துறைமுகப் பள்ளியின் கூரைக் கண்ணாடிமேல்
கடற்காகங்கள் நடக்கிற சத்தம்.
முப்பது பிள்ளைகள், ஆறு மேசை,
இரண்டே இரண்டு பசைத் துப்பாக்கி.
ஒன்று என்னிடம். இன்னொன்று
உதவிக்கு வந்த திருமதி நான்கரோவிடம்.

நான் படித்தது வரலாறு.
"வடிவமைப்பும் தொழில்நுட்பமும் யாராவது எடுத்தால்..." என்று
தலைமையாசிரியர் கூட்டத்தில் இழுத்தபோது
குனிந்து ஷூ லேஸைக் கட்டியிருக்கலாம்.
கட்டவில்லை. ஐந்து வருஷமாகிறது.

இந்த மாதம் வண்டி.
சரிவுப் பலகையில் விட்டால்
கூடத்தின் மறுகோடிவரை
ஒரு முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும்.
வேகவைத்த முட்டைதான்.
அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

அச்சு மாட்டுவதை மூன்று தடவை காட்டினேன்:
பெட்டியின் அடியில் ஸ்ட்ராவை ஒட்டு,
ஸ்ட்ராவுக்குள் குச்சி, குச்சியின் முனைகளில் சக்கரம்.
ஸ்ட்ரா நிற்கும், குச்சி சுற்றும்.
பசை ஸ்ட்ராவுக்கு. குச்சிக்கு இல்லை, கெரென்ஸா.
மேசைக்கும் இல்லை.

லொவேனாவின் வண்டிக்கு ஜாம் பாட்டில் மூடிகள்.
கோட்டைத் தாண்டி, பியானோவுக்கு அடியில் புகுந்து,
ஹீட்டரில் மோதி நின்றது.
கஸ்பர் யாரும் கேட்காத பிரேக் வைத்திருந்தான்.
பாதி வழியில் தானே நிறுத்தி
எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான்.

டென்சிலின் வண்டி பலகைமேல் நின்றது.
பலகையைச் சாய்த்தேன். நின்றது.
இன்னும் சாய்த்தேன்.
முட்டை மட்டும் இறங்கிப் போனது.

வகுப்பு சிரித்து ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று.
அவன் சிரிக்கவில்லை, அழவுமில்லை.
கவிழ்த்துப் பார்த்தேன்:
பெட்டியோடு குச்சி, குச்சியோடு சக்கரம்,
மெழுகுபோல் வழிந்து இறுகிய பசை.
முச்சாண்கூட ஓடாது.

"இது ஓடாதே, டென்சில்."
"ஓடாது மிஸ்."
நான்தான் கொஞ்சம் மந்தம் என்பதுபோல்.

அவன் தாளை எடுத்தேன்.
போன வாரமே தந்தது; நான்தான் பார்க்கவில்லை.
யாருக்காகச் செய்கிறாய்? அப்பாவுக்கு.
எதற்காக? வீட்டு வாசலில் நிற்க.
பென்சிலில் ஒரு வேன்,
பக்கவாட்டில் பாதி அழிந்த மீன்.
நீளம், உயரம், எல்லாம் சென்டிமீட்டரில்.
சக்கரங்களைச் சுற்றிப் பச்சைக் கீறல்கள்,
புல் என்று ஓர் அம்புக்குறி.

"மார்ச்சிலிருந்து இப்படித்தான். இன்சூரன்ஸ் கட்டலை,"
மழை வரும்போல என்கிற குரலில் சொன்னான்.
சரி, முட்டையை என்ன செய்ய?
"பின்னால வைக்கலாம் மிஸ்.
வண்டி எங்கயும் போகாது. அதனால உடையாது."

நான் கேட்டதில் பாதி அது.

மணி அடித்து, கோட்டுகளும் சாப்பாட்டுப் பெட்டிகளும் வெளியேறி,
கூடத்தைக் கூட்ட ஆள் வந்தாயிற்று.
படிவத்தில் ஒரு வரி: அச்சு தடையின்றிச் சுழல்கிறது.
ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.
ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பேருக்கு
இரண்டாவதில் கோடு போட்டுவிட்டு
தேநீர் குடிக்கப் போகிறவள்தான் நான்.

ஜன்னல் விளிம்பில் இருபத்தொன்பது வண்டிகள்
தொட்டாலே உருண்டன. கீழே விழாமலிருக்க
ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அழிப்பான் வைத்தேன்.
முப்பதாவதற்குத் தேவைப்படவில்லை.

அதன் பின்கதவு திறக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.
டேப்பில் கீல், பின்னூசியில் கொக்கி.
உள்ளே ரப்பர் வளையம் சுற்றிய
இரண்டு காகித ஸ்ட்ரா.
முனை பிசிராமல் டேப் ஒட்டியிருந்தது.

பெட்டியின் அகலத்தோடு வைத்துப் பார்த்தேன்.
மில்லிமீட்டர் கூடவில்லை, குறையவில்லை.

பக்கத்திலேயே தட்டையான மரத்துண்டு ஒன்று,
நுனி சீவி மெலிதாக்கியது.
இறுகிய பசையைச் சுரண்டி எடுக்கவாக இருக்கலாம்.
நான் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து
கதவைச் சாத்தினேன்.
கொக்கி ஒரே தடவையில் மாட்டிக்கொண்டது.